தபால் நிலையத்துக்குப் பின்னால் ‘அக்கா கடை’, சுங்கை சிப்புட்

முதலில் தேத்தண்ணியைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள்.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தபால் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கடைவரிசைக்குப் பின்சந்தில் தகரக் கூரை போட்ட ஒட்டுக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. யாரைக் கேட்டாலும் அக்கா கடை என்று கை காட்டுவார்கள். இங்கே தூளைத் துணிப்பையில் போட்டுக் காலையிலிருந்து ஊறவிடுகிற பழக்கம் இல்லை. கேட்ட பிறகுதான் கொதிதண்ணீர் ஊற்றுவார்கள். கெட்டிப்பால் அளவாக விழும். ஒரு மங்கிலிருந்து இன்னொரு மங்குக்கு நாலு முறை இழுத்து, ஐந்தாவது முறை கிளாசில் இறங்கும்போது நுரை விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கும். தே தாரேக் என்கிற இந்த இழுத்த தேத்தண்ணி 2 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. ஈப்போவில் இதைவிட அதிகம் கொடுத்து இதைவிட மோசமாகக் குடித்திருக்கிறேன்.

பசியாற வந்தால் தோசை வாங்குங்கள். ஓரம் முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். நெத்திலி சம்பல் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், அதனால் நேரத்தோடு போக வேண்டும். பதினொன்றுக்கு மேல் சாம்பாரில் தண்ணீர் கூடிவிடுகிறது. இதை இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற அக்காவின் மகளிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன் என்றார். மத்தியானத்தில் வெக்கை தாங்காது. இரண்டு காற்றாடியில் ஒன்றுதான் ஓடுகிறது. கார் நிறுத்த இடமில்லை, மோட்டாரில் போவது நல்லது.

எனக்கு அந்தக் கடை என்றால், உள்ளே சுவரோரம் கிடக்கும் நீள மேசைதான். நான் இந்த ஊரின் அஞ்சல் எண் 31100-க்குக் கடிதம் கொண்டுபோனவன். முப்பது வருஷத்துக்கு மேல் போஸ்மேன் வேலை. காலையில் பிரித்து அடுக்குகிற வேலை முடிந்து பை கட்டியதும், தோட்டத்துப் பாதைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் இந்த மேசையில் உட்காராமல் போனதில்லை. நாங்கள் எட்டுப் பேர் வந்தால் அக்கா சொல்லாமலே இன்னொரு மேசையை இழுத்துச் சேர்ப்பார். எவ்வளவு நேரம் இருந்தாலும் “வேற என்ன வேணும்” என்று வந்து நிற்க மாட்டார். உட்கார்ந்து பேசுகிறவனை எழுப்பக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு கடையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்த மேசையில் 1997-ல் நடந்த ஒரு வாக்குவாதத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம். செப்டம்பரில் ஊரையே மூடியிருந்த புகைமூட்டம் ஒருவழியாக விலகியிருந்தது. தொழிற்சங்கத்து ஆட்கள், பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்த்து 23 பேர், கடை அடைக்கிற நேரத்துக்கு வந்தோம். அக்கா முன்பக்கத் தகரத்தைப் பாதி இறக்கிவிட்டு, மீதமிருந்த தீபாவளி முறுக்கை ஒரு தட்டில் வைத்தார்.

எங்கள் குறை சின்னதாகத்தான் தெரியும். தோட்டத்துப் பாதைக்கு நாங்கள் சொந்த மோட்டார் ஓட்டினோம். செம்மண் சாலையில் டயர் கிழிந்தால் எங்கள் காசு. ஒரு தோட்டத்தில் கடிதங்களை ஆபீசில் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) கொடுத்துவிட்டால் முன்பெல்லாம் வேலை முடிந்தது. பிறகு லயம் என்கிற தோட்டத்து வரிசைவீடுகள் உடைந்து, ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் கம்பம் என்கிற கிராமங்களுக்கும் சிதறிப் போனார்கள். அதே பத்துக் கடிதத்துக்குப் பத்து வாசல் ஏற வேண்டியதாயிற்று. பாதை நீண்டது, பாதைக்குத் தருகிற படிக்காசு ஏறவில்லை. மேலிடத்துக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை.

ஸ்ட்ரைக் என்று முதலில் சொன்னது நான். அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. அக்கா கடைச் சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த 1998 நாட்காட்டி அப்போதுதான் வந்து தொங்கியது. அதை எடுத்து மேசையில் விரித்தேன். அந்த ஜனவரி கடைசி வாரத்தில் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்தக் காலத்தில் வாழ்த்து அட்டை மூட்டை மூட்டையாக வரும். இரண்டு பெருநாள் அட்டையும் ஒன்றாக வந்தால் பிரிக்கிற அறையில் கால் வைக்க இடம் இருக்காது. நிறுத்தினால் அந்த வாரம்தான் நிறுத்த வேண்டும் என்றேன்.

மேசையின் கோடியில் இருந்த பெரியவர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த தலைமைப் போஸ்மேன், பையிலிருந்து ஒரு நைந்த புத்தகத்தை எடுத்தார். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம். “தம்பி, தேதியை நீ மட்டும் முடிவு பண்ண முடியாது. இதையும் கேட்டுக்க” என்றார். தபால் அத்தியாவசியச் சேவை. முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் கழியாமல் வேலையை நிறுத்தக் கூடாது. 42 நாள் தாண்டினால் அந்த அறிவிப்புச் செத்துப்போகும். அதற்கும் முன்னால் தொழிற்சங்கச் சட்டப்படி இரகசிய வாக்கெடுப்பு. மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஒத்துக்கொள்ள வேண்டும். முடிவைத் தொழிற்சங்கத் தலைமை இயக்குநருக்கு அனுப்பி 7 நாள் பொறுக்க வேண்டும்.

நான் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன். டிசம்பர் 12-க்குள் வாக்குக் கணக்கு போய்ச் சேர்ந்தால், 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அறிவிப்பு. ஜனவரி 9-ல் 21 நாள் முடியும். 30-ல் 42 நாள் முடியும். நடுவில் கிடைக்கிற மூன்று வாரமும் அட்டை குவிகிற மூன்று வாரம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியவரும் குனிந்து பார்த்துவிட்டு, “கணக்கு சரியா வருது” என்று ஒத்துக்கொண்டார்.

அப்புறம்தான் உண்மையான சண்டை ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய காரியம் எதற்கு, எல்லாரும் மெதுவாக வேலை செய்வோம் என்றார் ஒருவர். ஒரே நாளில் எல்லாரும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுப்போம் என்றார் இன்னொருவர். பெரியவர் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திருப்பி, வேலைநிறுத்தம் என்றால் என்ன என்ற விளக்கத்தை வாசித்து வரிக்கு வரி தமிழில் சொன்னார். சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு வேலையைக் குறைத்தாலும், சுணக்கினாலும் அதுவும் வேலைநிறுத்தம்தான். அறிவிப்பு இல்லாமல் செய்தால் சட்டவிரோதம். மெதுவாக வேலை செய்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கும் நினைக்கிற தம்பிமார்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் பக்கத்தில் இருந்த மலாய் நண்பர் வேறு விஷயத்தைக் கிளப்பினார். நோன்பு மாசத்தில் பெருநாள் அட்டையை நிறுத்தினால் அவர் கம்பத்திலேயே அவர் முகத்தில் விழிக்க மாட்டார்கள். “சாபார் டூலு”, முதலில் பொறு, என்று என் தோளைத் தட்டினார். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஊர் நம் பக்கம் இல்லாவிட்டால் போஸ்மேன் ஸ்ட்ரைக் நிற்காது என்றார். அவருடைய சித்தப்பா 1952-ல் சிங்கப்பூரில் போஸ்மேன். அந்த மே மாதம் 13-ஆம் தேதி ஏறக்குறைய 500 போஸ்மேன்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொன்னவர், பின்னாளில் சிங்கப்பூர்ப் பிரதமரான லீ குவான் இயூ, அப்போது 28 வயது. சிரம்பானில் வளர்ந்து, பின்னாளில் சிங்கப்பூர் வெளியுறவு மந்திரியான ராஜரத்தினம் பத்திரிகையில் அவர்கள் நியாயத்தை எழுதினார். கடிதம் வராத ஊர்மக்களே போஸ்மேன் பக்கம் நின்றார்கள். இரண்டு வாரத்தில் முடித்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனார்கள், சம்பளமும் ஏறியது. “முதல்ல ஊருக்குச் சொன்னாங்க, அப்புறம் நிறுத்தினாங்க” என்று சித்தப்பா சொல்வாராம்.

நானும் விடவில்லை. சங்க வகுப்பில் கேட்ட பிரிட்டன் கதையைச் சொன்னேன். அங்கே 1971-ல் தபால்காரர்கள் 47 நாள் நின்றார்கள். ஆரம்பித்தது ஜனவரி 20. கிறிஸ்துமஸ் அட்டையெல்லாம் போய்ச் சேர்ந்து, பை காலியாக இருந்த நேரம். டெலிபோனும் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 8-ல் கேட்டது கிடைக்காமல் திரும்பினார்கள். நேரம் தவறினால் 47 நாள் பட்டினியும் வீண் என்பதுதான் என் வாதம். இன்றைக்கும் அந்த வாதத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூலையில் ஒரு தாத்தா இருந்தார். எங்கள் ஆள் இல்லை, பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். சுங்கை சிப்புட்டில் ஸ்ட்ரைக் என்ற வார்த்தைக்கு என்ன கனம் என்று அவர்தான் காட்டினார். 1948 ஜூன் 16-ல் இங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டதும், அதன் பின்னாலேயே பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலச் சட்டம் போட்டதும் எல்லாருக்கும் தெரியும். அவர் அப்போது சிறுவன். கூட்டம் போட்டுப் பேசினவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படி இரவெல்லாம் விழித்துக் கிடந்தார்கள் என்று மட்டும் சொன்னார். யாரையும் தடுக்கவில்லை. “பேசுங்க. பேசாம இருந்துடாதீங்க. ஆனா அவசரப்படாதீங்க” என்றார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா வந்து கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய், கேட்காமலே புதுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

பெரியவர் கடைசியாக வெள்ளி மதிப்பைச் சொன்னார். ஜூலையில் ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது அப்போதே மூன்றைத் தாண்டியிருந்தது. ஃபேக்டரிகளில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வேலை போகுமோ என்று ஊரே பயந்து கிடக்கும்போது, வேலை இருக்கிறவன் நிறுத்தினால் யார் நம் பக்கம் வருவார்? மந்திரி விவகாரத்தைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அதற்குமேல் நிறுத்தவும் முடியாது. “உன் தேதி சரி. வருஷம்தான் சரியில்லே” என்றார்.

யார் பக்கம் எத்தனை பேர் என்று தெரியாமல் கிளை முடிவை எழுத முடியாது. ஒரு ஒத்திகை வாக்கெடுப்பு வைத்தோம். அக்கா 1997 நாட்காட்டியில் முடிந்துபோன மாதத் தாள்களைக் கிழித்து, கத்தரிக்கோலால் சின்னச் சின்னச் சீட்டாக வெட்டிக் கொடுத்தார். பெட்டிக்கு ஒரு சதுரமான பிஸ்கட் டின். ஒவ்வொருவராக அடுப்புப் பக்கம் போய், பாத்திரம் வைக்கிற பலகையில் வைத்து எழுதி, மடித்துப் போட்டோம். ஒரு சீட்டில் சம்பல் எண்ணெய் ஊறியிருந்தது. பெரியவர் அதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தார், கடைசியில்தான் பிரித்தார். வேண்டும் 14, வேண்டாம் 9. நான் எழுந்துவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வராத இரண்டு பேரையும் சேர்த்து 25 என்று எழுதினார். மூன்றில் இரண்டு பங்குக்கு 17 வேண்டும். மூன்று குறைவு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரும்பான்மை கிடைத்தும் தோற்றது நெஞ்சை அறுத்தது. ஆனால் வெறும் பெரும்பான்மையே போதும் என்று எண்ணியிருந்தால், 14 பேரை நம்பி இறங்கி, 11 பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். முதல் நாளே உடைந்திருப்போம்.

கிளையிலிருந்து போன கடிதத்தில் ஸ்ட்ரைக் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேலை நேரத்தைத் தொடாமல், தபால் நிலைய வாசலில் கோரிக்கை அட்டை பிடித்து மறியல் என்று எழுதினோம். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் அட்டை. டயர் காசு, பாதைப் படி, இரண்டே கோரிக்கை. அக்கா இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி அனுப்பினார், காசு வாங்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி என்ன ஏது என்று கேட்டு, எங்களோடு நின்றார்கள். டயர் காசு அடுத்த ஆண்டு பாதி வந்தது. பாதைப் படி வர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் பெரியவர் ஓய்வுபெற்றுவிட்டார். அவருக்கு அந்தக் காசில் ஒரு சல்லி கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

போன மாதம் பேரனோடு போனபோது பார்த்தேன். அந்த பிஸ்கட் டின் இன்னும் மேல் தட்டில் இருக்கிறது. மகள் அதில் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறார். நீள மேசையில் பார்சல் ஓட்டுகிற தம்பிமார் ஐந்து பேர் நெருங்கி உட்கார்ந்து ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடம் பற்றாமல் ஒருவர் நின்றார். மகள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, பக்கத்து மேசையை இழுத்துச் சேர்த்தார்.

காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள், மாலை ஆறுக்கு அடைக்கிறார்கள். திங்கட்கிழமை லீவு. சம்பல் வேண்டுமென்றால் ஒன்பதுக்குள் போய்விடுங்கள்.