ஒரு சொல்லுக்காகத் திருவனந்தபுரத்துக்கு நாலு நடை

ஐந்து வாரம் ஊரில் இருந்துவிட்டு மெல்பர்ன் திரும்பினேன். இரண்டு கல்யாணம், ஒரு பால்காய்ச்சு, பத்திர ஆபீஸ் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. மனதில் நிற்பது ஒரே ஒரு சொல்தான். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில், அக்காவின் படிவத்தில், என்ன ஆபரேஷன் என்று கேட்கும் கட்டத்தில் ஒரு பயிற்சி டாக்டர் எழுதிவைத்த சொல்: டம்மி டக், அதாவது வயிற்றை இறுக்கி வடிவாக்கும் அழகு ஆபரேஷன்.

அக்கா குமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். 118 கிலோ இருந்தவள் 69-க்கு வந்தாள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்ததால் இன்சூரன்ஸ் கம்பெனி அன்று மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தது. சர்க்கரை மாத்திரை பாதியானது, மாடிப்படி ஏறுகிறாள், சர்ச்சுக்கு நடந்தே போகிறாள். ஆனால் நாற்பத்தொன்பது கிலோ போன இடத்தில் தோல் மட்டும் அப்படியே இருந்தது. வயிற்றுத் தோல் மடிந்து தொடைமேல் தொங்கும். உள்ளே வேர்வை நிற்கும். நம் ஊர் வெக்கையில் அது புண்ணாகி, நீர் வடிந்து, ஆறி, மறுபடியும் புண்ணாகும். ராத்திரியில் அத்தானின் பழைய வேட்டியைக் கிழித்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு படுப்பாளாம். அந்தத் துண்டுகளைத் தனியாகத் துவைத்து, யார் கண்ணிலும் படாமல் பின்பக்கக் கொடியில் காயப்போடுவாள். ஃபோனில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. நான் வந்த மறுநாள் கிணற்றடிக்குப் போனபோது கொடியைப் பார்த்துக் கேட்டேன். அப்புறம்தான் அழுதாள்.

சரி, ஆபரேஷன் செய்துவிடலாம் என்று திருவனந்தபுரம் போனோம். அப்பா காலத்திலிருந்தே பெரிய சீக்கு என்றால் நமக்கு அங்கேதான். 1956-ல் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்து ஆபீஸும் பள்ளிக்கூடமும் தமிழுக்கு மாறின. ஆஸ்பத்திரி மட்டும் மாறவில்லை. களியக்காவிளையில் இறங்கி கேரளா வண்டி மாறுவதும், அப்பா கையில் எக்ஸ்ரே கவரோடு நெய்யாற்றின்கரை தாண்டும்வரை பேசாமல் வருவதும் எனக்கு நேற்று போல இருக்கிறது. வண்டியில் அதே ஜன்னலோரம் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் கவுண்டர்வரைதான். கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது, கேட்டு அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டிருக்கிறது. நாற்பதாவது நிமிடமே பதில் வந்துவிட்டது: அழகுக்கான சிகிச்சை, விலக்கு எண் 8, அனுமதி இல்லை. கவுண்டரில் இருந்த பையன் திரையைத் திருப்பிக் காட்டி, "காஸ்மெட்டிக் ஆணு சேச்சி" என்றான். மாற்றுத்துணிப் பையை மடியில் வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அழகா? நான் யாருட்ட அழகு கேட்டேன் மக்கா?"

எனக்குத் தாங்கவில்லை. பாலிசிப் புத்தகத்தை அங்கேயே விரித்து அந்த எட்டாம் விலக்கை வாசித்தேன். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று அது தொடங்குகிறது. எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வாக்கியத்தின் பின்பாதியில் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு விலக்கு பொருந்தாது என்று இருக்கிறது. நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சைக்கும் பொருந்தாது. அந்தத் தேவையைச் சிகிச்சை செய்யும் டாக்டர் சான்றளிக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாக் கம்பெனிக்கும் இந்த வாசகம் ஒன்றேதான், ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்தது. அக்காவுக்குச் செய்ய இருந்ததும் டம்மி டக் இல்லை. அதில் தசையை இழுத்துத் தைத்து வயிற்றுக்கு வடிவம் கொடுப்பார்கள். தொங்கும் தோலையும் கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுப்பதற்குப் பெயர் பானிகுலெக்டமி. சர்ஜன் எங்களிடம் சொன்னது இரண்டாவது. படிவத்தில் ஏறியது முதலாவது.

மெல்பர்னில் என்னோடு வேலைபார்க்கும் ஒருத்திக்கு இதே ஆபரேஷன் நடந்தது. அங்கே அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் இதற்கு 30165 என்று ஒரு எண் உண்டு. பிஎம்ஐ குறைந்தது 5 புள்ளி இறங்கியிருக்க வேண்டும், எடை ஆறு மாதமாக ஒரே நிலையில் நிற்க வேண்டும், மடிப்பில் வரும் புண் மூன்று மாத வைத்தியத்துக்கும் அடங்காமல் இருக்க வேண்டும், அன்றாட வேலைக்கு அது இடைஞ்சலாக இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அவளுடைய டாக்டர் முதல் நாளே இதைச் சொல்லிப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டார். அங்கேயும் பணம் முழுசாக வராது. தனியார் ஆஸ்பத்திரியில் மெடிகேர் தருவது அரசு வகுத்த கட்டணத்தில் 75 சதவீதம். சர்ஜன் அதற்குமேல் கேட்பதில் பெரும்பங்கு அவள் கையிலிருந்துதான் போனது. ஆனாலும் என்ன காகிதம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை. மார்த்தாண்டத்து ஏஜென்ட் ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் தமிழ்நாட்டுப் பாலிசி, உங்கள் கிளையில் கேளுங்கள் என்றார்கள்.

இரண்டாம் நடையில் சர்ஜன் தியேட்டரில் இருந்தார். மூன்றாம் நடையில் அவரைப் பிடித்தோம். படிவத்தைப் பார்த்ததும் அவருக்கே வருத்தம். உடனே சொல்லை அடித்து மாற்றி எழுதினார். படம் வேண்டும் என்றார். ஒரு ஆண் கேமராவோடு வந்ததும் அக்கா எழுந்துவிட்டாள். ஒரு நர்ஸம்மா அவரை வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டு, தானே நேராகவும் பக்கவாட்டிலும் மடிப்பைத் தூக்கியும் தேதியோடு படம் எடுத்துக் கொடுத்தார். சர்ஜன் அடுத்துக் கேட்டது, இதுவரை புண்ணுக்குச் செய்த வைத்தியத்தின் ரெக்கார்ட். அது அந்த ஆஸ்பத்திரியில் ஏது? எல்லாம் குழித்துறையில் ஒரு தோல் டாக்டரிடம் பார்த்தது.

அவரிடம் நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். சாயங்காலம் பேர் போட்டுவிட்டு எதிர்க்கடையில் சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும் சாப்பிட்டுக் காத்திருக்கும் பழைய வழக்கம் இன்னும் மாறவில்லை. கம்ப்யூட்டர் கிடையாது. எண்பதை நெருங்கும் மனிதர். அக்கா பேரைச் சொன்னதும் மேஜைக்கடியிலிருந்து அட்டை பிய்ந்த நீள நோட்டுகள் மூன்றை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினார். பதினேழு மாதம், பதினொரு தடவை. ஒவ்வொன்றுக்கும் தேதி, புண் எங்கே, எத்தனை விரல் அகலம், நீர் வடிகிறதா, க்ளோட்ரிமசோல் பவுடரா, ஃப்ளூகொனசோல் மாத்திரையா, ஆறியதா இல்லையா. எடைகூட எழுதியிருந்தார், கடைசி எட்டு மாதமும் 69, 70, 69. மெல்பர்னில் எந்தக் கிளினிக்கிலும் இதைவிடச் சுத்தமான பதிவை நான் பார்த்ததில்லை. லெட்டர்பேடில் இரண்டு பக்கம் தன் கையாலேயே எழுதி, சர்க்கரை உள்ளவளுக்கு இந்தப் புண் தொடர்ந்தால் தோலடியில் சீழ் பரவும் என்று தனிவரியாகப் போட்டு, சீல் வைத்தார். வாங்கியது வழக்கமான ஃபீஸ் 150 ரூபாய்.

நாலாம் நடையில் கேஷ்லெஸ் கிடைக்கவில்லை. முதலில் கட்டுங்கள், பிறகு கிளெய்ம் போடுங்கள் என்றார்கள். கட்டினோம். ஆபரேஷன் நல்லபடி நடந்தது. வெட்டியெடுத்த தோல் 3.2 கிலோ. சர்ஜனின் சான்றிதழ், தோல் டாக்டர் கடிதம், படங்கள் எல்லாம் வைத்துக் கிளெய்ம் போட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். மறுத்தால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனுக்குப் போவதென்று தயாராக இருந்தேன். கொச்சி ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும் என்று கவுண்டரில் சொன்னார்கள். குடியிருப்பு தமிழ்நாட்டில் என்பதால் சென்னைக்கே எழுதலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். செலவில்லை, வக்கீலும் தேவையில்லை.

போன வாரம் பணம் வந்துவிட்டது. கையுறை, பெல்ட் என்று கொஞ்சம் பிடித்திருக்கிறார்கள். அக்கா அந்தத் தோல் டாக்டருக்கு எங்கள் தோட்டத்து ஏத்தன்குலை ஒன்றைக் கொண்டு கொடுத்திருக்கிறாள். குலையை வாங்கி ஓரமாக வைத்தவர், தையல் போட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, அதே நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டாராம்.