பால்சோறா, பாக்கெட்டா? சட்டென வயிறு கெடும் பூனைக்குட்டிக்கு எது ஒத்துவரும்

குட்டிப் பூனைக்குக் கழிச்சல் என்றால் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. அப்பத்தா மோர்ச்சோறு பிசையச் சொல்வார். எதிர்வீட்டு ஆச்சி, "ரெண்டு நெத்திலியை வேகவச்சுப் போடு, தானாக் கெட்டியாகும்" என்பார். சென்னையில் வேலை பார்க்கும் பேரன் அங்கிருந்தபடியே ஏதோ ஒரு பாக்கெட்டை ஆர்டர் போட்டுவிடுவான். ஒரே வாரத்துக்குள் மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிடுவதுதான் வழக்கம். கழிச்சல் நிற்காமல் இழுப்பதற்குப் பல வீடுகளில் அந்த மாற்றி மாற்றிக் கொடுப்பதே காரணம்.

பால் மறந்த, எட்டு வாரம் தாண்டிய குட்டியை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தாயை இழந்த, நாலு வாரம்கூட ஆகாத குட்டி என்றால் கதையே வேறு. அதற்குப் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர்தான் வழி. கீழே வரும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

பால்சோறும் மோர்ச்சோறும்

முதலில் பாலைத் தள்ளிவிடலாம். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, தாய்ப்பால் மறந்தபின் குட்டிக்குக் குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுக்கும், புளிக்கும், மலம் இளகிப் போகும். ஆட்டுப்பால் லேசானது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. லாக்டோஸ் கணக்கில் பசும்பாலுக்கும் ஆட்டுப்பாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தயிரிலும் மோரிலும் கொஞ்சம் குறைவு என்பதால் ஒரு கரண்டி மோர் குட்டியைக் கொன்றுவிடாது. ஆனால் அதில் வயிற்றைக் கட்டும் சக்தியும் கிடையாது.

சோறு பூனைக்கு விஷமில்லை, வயிற்றை நிரப்பும். சிக்கலே அங்கேதான்: நிரம்பிய வயிறு வேண்டியதைத் தின்னாது. பூனை ஊன் தின்று பிழைக்கும் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். ஒரு காலத்தில் பாக்கெட் தீனி தின்ற பூனைகளுக்கே இந்த இதய நோய் வந்தது. டாரின் பற்றாக்குறைதான் காரணம் என்று 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் காட்டிய பிறகே கம்பெனிகள் அதன் அளவைக் கூட்டின. பால்சோற்றில் அந்தத் திருத்தத்தைச் செய்ய யார் இருக்கிறார்கள்?

மீன்

தொண்டிக் கரையிலிருந்து வரும் சூடையும் நெத்திலியும் சந்தையில் மலிவு. வேகவைத்து, முள் நீக்கி, உப்பில்லாமல் கொடுத்தால் பெரும்பாலான குட்டிகள் தட்டை நக்கிவிடும். பச்சையாக மட்டும் கூடாது. சூடை, நெத்திலி வகைகளில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. வெந்தால் அது போய்விடும். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவு உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது.

குழம்பு மீனைக் கழுவிப் போடுகிற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நம் சமையலே சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் நிற்கிறது. இரண்டுமே பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகை கொண்டுவருபவை. வதக்கினாலும், கொதித்தாலும், பொடியாக அரைத்தாலும் அந்தக் குணம் போகாது. குழம்பில் ஊறிய துண்டைக் கழுவினால் காரம்தான் குறையும். செட்டிநாட்டுக் கோழி வறுவல் உலகம் முழுக்க ஓடட்டும், குட்டியின் தட்டுப் பக்கம் மட்டும் வரவேண்டாம்.

வேகவைத்த கோழி

வீட்டுச் சமையலில் என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் மருந்துபோல, நாள் எண்ணிக் கொடுப்பதற்கு. தோலும் எலும்பும் இல்லாத நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வெந்த தண்ணீரிலேயே கொஞ்சம் விட்டு, இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொழுப்பு குறைவு, செரிக்க லேசு, தண்ணீரும் கூடவே உள்ளே போகும். ஒரே வேளையில் நிறைய வைக்காமல் நாலைந்து தடவையாகப் பிரித்தால் இன்னும் நல்லது. அரை டீஸ்பூன் வெந்த பரங்கிக்காய் மசியல் சேர்த்தால் அதிலுள்ள நார்ச்சத்து சில குட்டிகளுக்குக் கை கொடுக்கும்.

ஈரலை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். பூனைக்கு உயிர் அதுதான், ஆனால் அதிகமானால் அதுவே வயிற்றை இளக்கும். நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போகும்.

வெறும் கோழியையே இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஏன் கொடுக்கக் கூடாது? எலும்பில்லாக் கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல பதினைந்து இருபது மடங்கு. வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும். வெறும் கறியிலேயே வளர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் சமாளிக்கும். குட்டி நொண்டும், தாவ யோசிக்கும், சும்மா குதித்ததற்கே எலும்பு முறியும். "கறிதானே போடுறோம், சத்தில்லாமலா போகும்" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பச்சைக் கறியை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை. அதில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற கிருமி ஏற்கெனவே கெட்ட வயிற்றுக்கு வேண்டாத விருந்தாளி. பறவைக் காய்ச்சலும் பூனைகளைத் தாக்கும்.

ட்ரை ஃபுட்டும் பவுச்சும்

நீண்ட நாளைக்கு என்று பார்த்தால் உண்மையான போட்டி உலர்ந்த மணிகளாக வரும் ட்ரை ஃபுட்டுக்கும் சின்ன உறையில் ஈரமாக வரும் பவுச்சுக்கும்தான். எதை வாங்கினாலும் உறையில் மூன்று விஷயம் பாருங்கள்: குட்டிகளுக்கானது என்று இருக்கிறதா, முழு உணவு என்று இருக்கிறதா, தேதி இருக்கிறதா. ராயல் கேனின், விஸ்காஸ், மீ-ஓ, ட்ரூல்ஸ் எல்லாவற்றிலும் குட்டிகளுக்குத் தனி வகை உண்டு. ஒன்று முதல் நாலு மாதக் குட்டிக்கென்று ராயல் கேனின் தனியாகவே ஒன்று வைத்திருக்கிறது, மணி சின்னதாக, நனைத்தால் சீக்கிரம் குழையும். குழாயில் பிதுக்கி நக்கவைக்கும் கிரீம் வகைகள் சாப்பாட்டுக் கணக்கில் வராது, அவை மிட்டாய்.

புரத அளவை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ட்ரை ஃபுட் உறையில் புரதம் 34 சதவீதம் என்றும் பவுச்சில் 8 சதவீதம் என்றும் இருந்தால், பவுச் வெறும் தண்ணீர் என்றுதான் தோன்றும். ட்ரையில் ஈரம் 10 சதவீதம், பவுச்சில் 82 சதவீதம் என்று வைத்துக்கொண்டு தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். 90-இல் 34 என்றால் 38 சதவீதம். 18-இல் 8 என்றால் 44 சதவீதம். பவுச் ஜெயித்துவிட்டது. வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கில் குறைந்தது 30 சதவீதம் வேண்டும் என்பது அமெரிக்காவின் தீவன அளவுகோல். பெரிய பூனைக்கு 26 போதும்.

காசுக்கணக்கு நேர் எதிர். ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரி தேவை. ட்ரையில் அது ஐம்பது கிராம். பவுச்சில் கிட்டத்தட்ட மூன்று உறை. மாதக் கடைசியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆனால் கழிச்சலில் தண்ணீர் இழக்கும் குட்டிக்கு, அதுவும் சித்திரை வெயிலில், பவுச்சின் ஈரம் பெரிய உதவி. பூனை இயல்பிலேயே தண்ணீரைத் தேடிக் குடிக்காது. அந்த ஈரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரித்து வைத்த பவுச் இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிட வேண்டும், கொடுக்கும்முன் குளிர் போகவேண்டும். குழம்பு மாதிரி நீர்த்த பவுச்சில் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பசை சில குட்டிகளுக்கு இளக்கும். அப்படிப்பட்ட வயிற்றுக்கு மசியல் மாதிரி கெட்டியாக இருக்கும் வகை மேல்.

ட்ரையின் பெரிய வசதி, வளவில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். எறும்பு வருவது நிச்சயம். தண்ணீர் விட்ட தட்டில் கிண்ணத்தை வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. மூட்டையைப் பிரித்து எடை போட்டு லூசாக விற்பதை மட்டும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. அது குட்டிக்கானதா என்றே தெரியாது, காற்றுப்பட்டு எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கும். நல்ல வயிறே அதைத் தாங்காது.

என் கணிப்பைக் கேட்டால்: காசு இடம் கொடுத்தால் முதல் ஒரு மாதம் பவுச், அப்புறம் ட்ரை. இல்லையா, குட்டிகளுக்கான ட்ரை ஃபுட்டை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் முக்கால் பங்கு வேலையைச் செய்துவிடும். ஊறியதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தானியமில்லாதது என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க நான் தயாராக இல்லை. இந்த வயதுக் கழிச்சலுக்குத் தானியம் காரணமாக இருப்பது அபூர்வம்.

மருத்துவர் எழுதித்தரும் தீனி

ராயல் கேனினில் குட்டிகளுக்கான கேஸ்ட்ரோஇன்டெஸ்டினல் வகையும், ஹில்ஸில் ஐ/டி என்ற வகையும் இருக்கின்றன. எளிதில் செரிக்கும் புரதம், குடலுக்கு உதவும் நார், குறைந்த அளவிலேயே நிறைய சக்தி. விலையும் அதற்கேற்ப. நம் பக்கத்துக் கடையில் கிடைப்பது அரிது. மதுரை, திருச்சி அல்லது ஆன்லைன்தான். பரிசோதனையெல்லாம் முடிந்தும் வாரக்கணக்கில் இளகியே போகும் குட்டிக்கு இது நியாயமான செலவு. முதல் நாள் கழிச்சலுக்கே இதைத் தேடி ஓடுவது வீண்.

மாற்றும் முறை

எதைத் தேர்ந்தாலும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். பழையது முக்கால், புதியது கால் என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதியதைக் கூட்டி, ஏழிலிருந்து பத்து நாளில் முழுக்க மாற வேண்டும். நடுவில் இளகினால் முந்தைய படிக்கு இறங்கி அங்கேயே இரண்டு நாள் நில்லுங்கள். கோழியிலிருந்து பாக்கெட்டுக்குப் போவதும் இதே வழியில்தான். நாயைப் போல ஒரு நாள் பட்டினி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குட்டிக்கு அது ஆபத்து. இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம்.

தீனியே காரணமில்லை என்றால்

தெருவிலிருந்து வந்த குட்டிக்குப் பூச்சி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகும். காக்சிடியா, ஜியார்டியா என்ற நுண்ணுயிரிகளும் இளகலுக்குக் காரணமாகும். அவற்றுக்குச் சாதாரணப் பூச்சி மருந்து வேலை செய்யாது, மலத்தைப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எவ்வளவு விலையுயர்ந்த பவுச்சும் இவற்றை நிறுத்தாது. நம் கால்நடை மருந்தகங்களில் வரிசை முழுக்க ஆடும் மாடுமாக இருக்கும், பரவாயில்லை, ஒரு சின்ன டப்பாவில் மலத்தோடு குட்டியையும் தூக்கிக்கொண்டு போய் நில்லுங்கள். வீட்டில் இருக்கும் ஆட்டுப் பூச்சி மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது, அளவு எடை பார்த்துத்தான். நாம் சாப்பிடும் கழிச்சல் மாத்திரையும் வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றேவிடும்.

இரத்தம் கலந்து போனாலோ, வாந்தி சேர்ந்தாலோ, குட்டி தின்னாமல் சுருண்டு படுத்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்கு இது பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அது ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும்.

கடைசியாக ஒன்று. கல்யாணம், படைப்பு என்று பங்காளிகள் கூடி வீடு நிறையும் நாட்களில், வயிறு இப்போதுதான் தேறிய குட்டியை மாடி அறையில் தீனி, தண்ணீர், மண் தட்டோடு விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். ஆளாளுக்கு ஒரு துண்டு வைக்காமல் இருக்க மாட்டார்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.