பணம் யாருக்கு என்று யார் முடிவு செய்வது?

களத்தில் வேலை செய்யும் சின்னக் குழுக்களுக்கு நிதி தரும் அறக்கட்டளைகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகின்றன. புரபோசல் வரும், திட்ட அலுவலர் படிப்பார், அறங்காவலர்கள் கையெழுத்துப் போடுவார்கள். எழுத்துத் திறமை உள்ளவர்கள் முன்னே போய்விடுவார்கள். இதற்கு மாற்றாகச் சம்பந்தப்பட்ட சமூகமே முடிவெடுக்கும் முறைகள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பெயர் ‘பங்கேற்பு’தான், ஆனால் செயல்படும் விதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

2010-ல் உருவான ஃப்ரிடா, இளம் பெண்ணியக் குழுக்களுக்கான நிதியம். இங்கே விண்ணப்பித்தவர்களே வாக்காளர்கள். தகுதி பார்த்து முடித்ததும், ஒரு பிராந்தியத்தின் விண்ணப்பங்கள் அதே பிராந்தியத்துக் குழுக்களிடம் போகும். அவர்கள் படித்து ஓட்டுப் போடுவார்கள், தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ள முடியாது. முறையாகப் பதிவு செய்யாத குழுகூட விண்ணப்பிக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தோற்ற குழுவும் பக்கத்து நாட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவதுதான். வழக்கமான அறக்கட்டளையில் அந்தத் தகவல் திட்ட அலுவலரின் மேசையோடு நின்றுவிடும்.

சிக்கலும் உண்டு. பலருக்கும் உடனே புரிகிற பிரச்சினைக்கு ஓட்டு சுலபமாக விழும், ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு விழாது. தன்பாலீர்ப்பு குற்றமாக இருக்கும் நாட்டில், ஒரு குழு தன் விவரங்களை முகம் தெரியாத பத்துக் குழுக்களிடம் கொடுப்பது ஆபத்து. சம்பளமே இல்லாமல் ஓடுகிறவர்கள் அடுத்தவர் விண்ணப்பங்களை உட்கார்ந்து படிக்க வேண்டிய சுமையும் இருக்கிறது.

இரண்டாவது வழி, தேர்வுக் குழு. 2008-ல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் உரிமை நிதியத்தில் நன்கொடையாளர்களும் மாற்றுத்திறனாளிச் செயற்பாட்டாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட உஹாய், கிழக்கு ஆப்பிரிக்கப் பாலியல் சிறுபான்மையினருக்கும் பாலியல் தொழிலாளர்களுக்குமான நிதியம். அங்கே முடிவு அந்தச் சமூகங்களின் செயற்பாட்டாளர்கள் கையில். தேர்வுக் குழுவால் முடிந்து, ஓட்டால் முடியாத வேலை ஒன்று உண்டு: மொத்தப் பட்டியலையும் ஒருசேரப் பார்ப்பது. “பார்வையற்றோர் சங்கங்களுக்கே எல்லாம் போகிறதே, மனநலச் சவால் உள்ளவர்களின் அமைப்பு ஒன்றுகூட இல்லையே” என்று ஒருவர் கேட்டால், பட்டியலை அங்கேயே மாற்றலாம். தனித்தனியாக விழும் ஓட்டுகளுக்கு அந்தக் கண் கிடையாது.

ஆனால் சின்ன வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெரிந்த அமைப்பின் பெயர் வரும்போது உறுப்பினர் வெளியே போய்விட வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் நம்பிக்கை போய்விடும். உறுப்பினர்களைச் சுழற்சியில் மாற்றவில்லை என்றால் அப்புறம் அதுவும் பழைய அறங்காவலர் சபை மாதிரிதான்.

மூன்றாவது வழி, அமெரிக்கக் கோடீஸ்வர நன்கொடையாளர் மெக்கென்சி ஸ்காட்டின் நன்கொடை அமைப்பான ஈல்டு கிவிங் 2023-ல் அமெரிக்காவில் விடுத்த திறந்த அழைப்பு. வந்த விண்ணப்பங்கள் 6,353. முதல் சுற்றில் விண்ணப்பித்தவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள், அடுத்த சுற்றை நடுவர்கள் பார்த்தார்கள். 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொகையிலும் சக விண்ணப்பதாரர்களை நம்பலாம் என்று காட்டியது பெரிய விஷயம். ஆனால் ஆண்டுச் செலவு 10 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை உள்ள அமைப்புகள்தான் விண்ணப்பிக்க முடிந்தது. வாடகை அறையில் நாலு பேர் நடத்தும் குழு, மதிப்பெண் பேச்சு எழும் முன்பே வெளியே நின்றுவிட்டது.

அதனால் ஒரு நிதியம் ‘சமூகமே முடிவெடுக்கிறது’ என்று சொன்னால், தகுதி விதியை யார் எழுதினார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இந்தியாவில் இன்னொரு தடையும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபின், வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. வெளிநாட்டுப் பணத்தை ஓர் இந்திய நிதியம் வாங்கி, ஓட்டு வைத்துச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துத் தரும் வழி அடைபட்டுவிட்டது. உள்நாட்டு நன்கொடையில்தான் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு மாவட்ட அளவில் யாராவது தொடங்கினால், முதல்முறை தரும் சிறு தொகைக்கு ஃப்ரிடா மாதிரி ஓட்டு போதும். அடையாளம் வெளியே தெரிந்தால் ஆபத்துள்ள குழுக்களுக்கும், மூன்றாண்டு போலத் தொடர்ந்து தரும் நிதிக்கும் தேர்வுக் குழுதான் சரி. உறுப்பினர்களுக்குப் பயணப்படியோடு அன்றைய கூலியையும் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் மட்டும்தான் அந்த மேசைக்கு வருவார்கள்.