ஆப்பிள் மொட்டு உடைக்கும் 'ஹார்மோன்' பாட்டில்: மூலக்கடைப் பக்கம் வாங்காதீர்கள்

சென்னையில் மூலக்கடை, மாதவரம் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். சாலையோரம் வண்டியில் ஆப்பிள் கன்று விற்கும் ஒருவர், கூடவே மொட்டு உடைக்கும் ஹார்மோன் (தூங்கும் மொட்டை விழிக்க வைத்துத் துளிர்க்கச் செய்யும் மருந்து) என்று ஒரு பாட்டிலையும் தலையில் கட்டுகிறார். கன்று 850 ரூபாய், பாட்டில் 600. "ஊட்டிக் குளிரெல்லாம் வேணாம்மா, இதை அடிச்சா ஒரே மாசத்துல பூ வந்துரும்" என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

நம்பி இரண்டையும் வாங்கினோம். வந்தது நுனியில் நாலைந்து இலை. கீழ் மொட்டெல்லாம் பழுப்புச் செதில் மூடியபடி அப்படியே இருந்தன. மருந்து அடித்த பிறகு நுனி இலையும் ஓரம் கருகிச் சுருண்டது. போய்க் கேட்டால், "டோஸ் பத்தல, இன்னொரு பாட்டில் வாங்கிக்கங்க" என்கிறார்.

பாட்டிலில் ஸ்டிக்கர் ஓரம் ஈரத்தில் உரிந்திருந்தது. மெல்ல இழுத்தால் அடியில் வேறொரு லேபிள்: கடல்பாசி உரம், அதுவும் காலாவதியானது. வயிறெரிந்துவிட்டது.

குளிர்ப் பிரதேசங்களில் இலை உதிரும் காலத்தில் ஆப்பிள் மொட்டுக்குள் அப்சிசிக் அமிலம் என்ற தூங்க வைக்கும் ஹார்மோன் கூடி வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அது குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரலின் ஹார்மோனின் கை ஓங்கி, மொட்டு விழிக்கும். பல ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரம் வரை வேண்டும். நமக்கோ தை மாத இரவிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கடல்பாசிச் சாறு இந்தக் குளிருக்கு ஈடாகாது.

ஹிமாச்சலின் ஹரிமன் ரகம் சமவெளியிலும் காய்க்கிறது, உண்மைதான். ஆனால் அது ஒட்டுக்கன்றாக வரும். எங்கள் கன்றின் தண்டில் ஒட்டுப்போட்ட தழும்பே இல்லை, விதையில் முளைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நிஜமாகவே மொட்டை உடைக்கும் மருந்து ஒன்று உண்டு: ஹைட்ரஜன் சயனமைடு. நாசிக் திராட்சைத் தோட்டங்களில் கவாத்துக்குப் பிறகு பூசுவார்கள். தோலைப் புண்ணாக்கும் விஷம் அது. பூசியவர் அதையொட்டி மது குடித்தால் உயிருக்கே ஆபத்து. லேபிள் மாற்றி ஒட்டுகிறவரின் பாட்டிலில் நாளைக்கு எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? குழந்தைகள் ஓடியாடும் மாடியில் அதை அடிக்கவே கூடாது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஜிபே ரசீது, இரண்டு லேபிளின் படம் எல்லாம் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இவரிடமே வாங்கி ஏமாந்தவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் நீங்களும் புகார் கொடுங்கள்.