ஹபிடாட் ரீஸ்டோர்: அளவு நாடா இல்லாமல் போகாதீர்கள்

பேஸ்மென்ற் குசினியை மாற்ற வேண்டும் என்று மனைவி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய கடையொன்றில் அலுமாரிகளுக்கு மட்டும் 7,000 டொலர் என்றார்கள். நான் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மச்சான்தான் "ரீஸ்டோருக்கு ஒருக்காப் போய்ப் பாப்பம் அத்தான்" என்று ஒரு சனிக்கிழமை காலமை வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

தெரியாதவர்களுக்கு: ஹபிடாட் ஃபோர் ஹியுமானிற்றி என்ற வீடு கட்டும் தொண்டு அமைப்பின் கடை இது. வீடு திருத்துகிறவர்கள் கழற்றிய கதவு, யன்னல், சிங்க், குளியல் தொட்டி, மின்விளக்கு, கடைகளில் மிஞ்சிய மாபிள் பெட்டி எல்லாம் நன்கொடையாக வரும். அதை விற்கிற காசு அமைப்புக்குப் போகும். முதல் ரீஸ்டோர் 1991இல் வினிப்பெக்கில் திறந்தது. அமைப்பு 1976இல் அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்தில் தொடங்கியதுதான், ஆனால் இந்தக் கடை யோசனை கனடாக்காரருடையது. எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

உள்ளே போனால் பழைய பண்டகசாலை மாதிரி. ஒழுங்கு எதிர்பார்க்காதீர்கள். கதவுகள் ஒரு பக்கம் புத்தகம்போல் சாத்தி நிற்கும், பிடிகள் வாளியில் கிடக்கும். இன்று கண்டது அடுத்த கிழமை இருக்காது. பின் மூலையில் ஒரு முழுக் குசினி, மேப்பிள் பலகை, 14 துண்டு, 900 டொலர். பிரித்துத் தரமாட்டார்கள், எடுத்தால் முழுதும் எடுக்க வேண்டும். மச்சான் ஒவ்வொரு லாச்சியாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவதன் மூலையில் மஞ்சள் கறை. மூக்கை வைத்தால் லேசாகப் பெருஞ்சீரக வாசம்.

"எங்கட ஆக்களின்ர குசினிதான். எடுங்கோ" என்றார்.

எடுத்தேன். அவசரத்தில் அளக்கவில்லை. மேல் அலுமாரிகள் 42 அங்குல உயரம். எங்கள் பேஸ்மென்ற்றின் உயரமே 7 அடி. கீழ் அலுமாரிக்கும் மேற்பலகைக்கும் 36, இடைவெளிக்கு 18 போனால் மிச்சம் 30 அங்குலம்தான். கடையில் பிழையில்லை, பிழை முழுக்க என்னுடையது. கீழ்ப்பகுதியைப் பூட்டிவிட்டு, மேலே இரண்டு தட்டு அடித்துச் சமாளித்தோம். அப்படியும் கணக்குப் பார்த்தால் லாபம்தான்.

கடையை விட எனக்குப் பிடித்தது காசு போகிற வழி. ஹபிடாட் வீடு இனாம் இல்லை. தெரிவாகிற குடும்பம் கையில் முற்பணம் கட்டத் தேவையில்லை. பதிலுக்கு 500 மணித்தியாலம் வரை உழைப்புத் தர வேண்டும். சுவர் எழுப்பலாம், பெயின்ற் அடிக்கலாம், ரீஸ்டோரில் சாமான் அடுக்கலாம். அப்புறம் வருமானத்துக்கு ஏற்ற மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் 2017இல் வினிப்பெக்கில் இவர்களோடு வேலை செய்தபோது, வெயிலில் உடலில் தண்ணீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போய், மறுநாளே திரும்பி வந்தார். அப்போது அவருக்கு 92 வயது. நான் 54 வயதில் ஒரு அலுமாரி தூக்கிவிட்டு இரண்டு நாள் இடுப்புக்குத் தைலம் பூசினேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் மோட்கேஜ் கட்ட நிலையான வருமானம் வேண்டும். தெருவில் படுக்கிறவனுக்கோ, வேலை இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லாதவனுக்கோ இந்தக் கதவு திறக்காது. கனடாவுக்கு வந்த புதிதில், ஒரு அறையில் ஆறு பேராகப் படுத்த காலத்தில், நான் கேட்டிருந்தால் எனக்கும் கிடைத்திருக்காது. உழைக்கிற ஏழைக்கான திட்டம் இது. அந்த அளவில் நல்ல திட்டம்.

ஊருக்குப் போன் எடுத்தபோது வன்னியில் இருக்கிற தங்கச்சியிடம் குசினிக் கதையைச் சொன்னேன். "ஹபிடாட்டோ? அவை இஞ்சையும் வந்தவை அண்ணா" என்றாள். உண்மைதான். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தை நடைமுறைப்படுத்திய அமைப்புகளில் ஹபிடாட்டும் ஒன்று. வீட்டுக்கு அப்போது ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த காசு. கட்டுவிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. தங்கச்சிக்கும் அந்தத் திட்டத்தில்தான் வீடு. மேசனுக்குக் கூலி மிச்சம் பிடிக்க மணலும் தண்ணீரும் தானே சுமந்தாள். சீமெந்து விலை ஏற, கையிலிருந்த காப்பு அடகுக்குப் போனது. "காப்பு இன்னும் மீளேல்லை, ஆனா வீடு ஒழுகாது" என்று சிரித்தாள். என் பேஸ்மென்ற் குசினியைப் பற்றி அதற்குமேல் அவளிடம் நான் கதைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: சாமான் இறங்கியவுடன் பார்க்க விரும்பினால் கிழமை நாள் காலமையில் போங்கள், சனிக்கிழமை சனம் கூட. வான் கட்டாயம். உயரம், அகலம், வாசல் அகலம் மூன்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். சிங்க், பைப் எடுத்தால் அடியில் துருவைப் பாருங்கள். மின்சாதனம் நான் வாங்கவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த 42 அங்குல அலுமாரிகள் இப்போது கராஜில் நிற்கின்றன, பெயின்ற் ரின் அடுக்க. மனைவிக்கு அதுவும் பிடிக்கவில்லை. திருப்பி ரீஸ்டோருக்கே கொடுக்கலாம் என்று யோசனை. இந்த முறை உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி முன்னுக்கு ஒட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.