மார்புக் காம்பில் வலியில்லாத ரத்தக் கசிவு: தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதுபவரை நம்பாதீர்கள்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூச்சப்பட்டே 4 மாதத்தைத் தொலைத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை உள்ளாடையின் இடது பக்கம் பொட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. எங்கேயாவது உரசியிருக்கும் என்று துவைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் மறுபடியும், இந்தத் தடவை சிவப்பாக. காம்பை நான் அழுத்தவே இல்லை, தானாகக் கசிந்திருந்தது. கட்டி எதுவும் கையில் படவில்லை, வலியும் இல்லை.

ஒரு கிளினிக்குக்குப் போனேன். அந்த மருத்துவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "வலி இருக்கா? கட்டி இருக்கா? இல்லையா, சரி, ஹார்மோன்தான்" என்று ஒரு மாதத்துக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கமா இரண்டு பக்கமா, என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. தொட்டுப் பார்க்காமல் விட்டதில் எனக்கும் உள்ளூர நிம்மதிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை தீர்ந்தது, கசிவு நிற்கவில்லை. அப்புறம் தெரிந்தவர் சொல்லி, மசாஜ் செய்து குணப்படுத்துவதாகச் சொல்லும் ஓர் இடத்துக்குப் போனேன். உள்ளே தேங்கிய கெட்ட நீரை எடுக்க வேண்டும் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, தினமும் காம்பைப் பிதுக்கிவிடச் சொன்னார்கள். 3 மாதம் செய்தேன். கசிவு கூடியபோதெல்லாம் "பாருங்க, கெட்டது வெளியே வருது" என்றார்கள். பிதுக்கப் பிதுக்க அந்தத் தூண்டுதலே கசிவை நீட்டிக்கும் என்று பின்னால்தான் தெரிந்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கடைசியில் அக்காதான் மார்பக அறுவை சிகிச்சை நிபுணரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கேட்ட கேள்விகளே வேறு. தானாக வருகிறதா, அழுத்தினால்தானா? ஒரே துளையிலிருந்தா, பல துளைகளிலிருந்தா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? பிறகு காம்பைச் சுற்றி ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்தி, எந்தப் பால் குழாயிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் காம்புக்குப் பின்னால் குழாய்க்குள் சின்னதாக ஒரு வளர்ச்சி தெரிந்தது. மேமோகிராம் சரியாக இருக்கிறது என்று அத்தோடு விடாமல் ஸ்கேனும் பார்க்கச் சொன்னாரே, அதற்கு அவருக்கு நன்றி. ரத்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் பாப்பிலோமா என்ற புற்றல்லாத வளர்ச்சிதானாம். ஆனாலும் திசுவை எடுத்துச் சோதிக்காமல் புற்று இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் குழாயோடு எடுத்தார்கள். பாப்பிலோமாதான். முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை.

எல்லாக் கசிவும் இப்படியல்ல. இரண்டு காம்பிலும், பல துளைகளிலிருந்து, அழுத்தினால் மட்டும், பால் போலவோ மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. தாய்ப்பாலை நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் சொட்டுப் பால் வருவதுண்டு. கர்ப்பமும் இல்லை, தாய்ப்பாலும் கொடுக்கவில்லை என்ற நிலையில் பால் வந்தால், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டு ஆகியவற்றின் அளவுகளை ரத்தத்தில் பார்ப்பார்கள். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் ஆகியவையும் பால் சுரக்க வைக்கும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். கூடவே தலைவலி, பார்வைக் குறைவு இருந்தால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் தானாக ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ கசிந்தால் காத்திருக்காதீர்கள். கட்டி தட்டுப்பட்டாலும், காம்பு புதிதாக உள்வாங்கினாலும், காம்பில் செதில் உதிர்ந்து ஆறாத புண் வந்தாலும் அப்படித்தான். மார்பு சிவந்து, சீழும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். ஆண்களுக்கு எந்த நிறத்தில் கசிந்தாலும் காட்ட வேண்டும். மருத்துவர் தொட்டுப் பார்க்காமல் மருந்துச் சீட்டை நீட்டினால், "பரிசோதித்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் வேறு மருத்துவரிடம் போங்கள்.