கடன் ஆலோசனை நிறுவனமும் இலவச ஆலோசனை மையமும்: மூன்றரை ஆண்டு அனுபவம்

2022 ஜூன் மாதத்தில் இரண்டு கிரெடிட் கார்டு நிலுவைகளும் ஒரு தனிநபர் கடனுமாக என் பெயரில் மொத்தம் 6,65,000 ரூபாய் கடன் இருந்தது. அம்மாவின் அறுவை சிகிச்சை நடந்த நேரத்திலேயே அலுவலகத்தில் சம்பளமும் சரிவர வராமல் போனதால், கார்டைத் தேய்த்துத்தான் குடும்பம் ஓடியது. கைக்கு வந்த 41,000 ரூபாயில் 29,150 ரூபாய் தவணைக்கும் கார்டுகளின் குறைந்தபட்சத் தொகைக்குமே போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையில் நான் முதலில் ஒரு தனியார் கடன் தீர்வு நிறுவனத்திடம் போனேன். அங்கே பட்ட பிறகுதான் சரியான இடங்களைத் தேடிப் போனேன். இரண்டையும் நெடுநாள் பயன்படுத்தியவன் என்ற முறையில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஓர் இணைய விளம்பரத்தில் கைபேசி எண்ணைப் பதிந்த அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. பேசிய பெண் மிகவும் பரிவாகப் பேசினார். ரிசர்வ் வங்கி விதிகளின்படியே கடனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். பதிவுக் கட்டணம் வரியோடு 11,800 ரூபாய், மாதக் கட்டணம் 4,500 ரூபாய். இதற்கு அவர்கள் விதித்த நிபந்தனைகளை இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது: எந்தத் தவணையையும் கட்டக் கூடாது, வங்கியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கக் கூடாது, அழைப்புகள் அவர்கள் எண்ணுக்குப் போகும்படி மாற்றிவிட வேண்டும். என் பெயரில் அவர்களே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவை எல்லாருக்கும் அனுப்பும் ஒரே அச்சு என்பது பின்னாளில் வங்கி அதிகாரி ஒருவர் எடுத்துக் காட்டியபோதுதான் தெரிந்தது.

ஐந்து மாதத்தில் அவர்களுக்கு நான் கட்டியது 34,300 ரூபாய். வங்கிகளுக்குக் கட்டியது ஒரு ரூபாய்கூட இல்லை. 2,10,000 ரூபாயாக இருந்த முதல் கார்டின் நிலுவை, வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறி 2,60,000 ரூபாயைத் தாண்டியது. 90 நாள் கடந்ததும் கணக்குகள் வாராக்கடன் ஆயின. நவம்பர் கடைசியில் ஒரு பதிவுத் தபால் வந்தது. என் மனைவிதான் கையெழுத்திட்டு வாங்கினார். வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கித் தவணை திரும்பியதற்காக, 2007ஆம் ஆண்டு பணப் பட்டுவாடா மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் அனுப்பப்பட்ட அறிவிப்பு அது. காசோலை திரும்பினால் என்ன வழக்கோ, அதே தன்மையுள்ள குற்றவியல் வழக்கு இதற்கும் உண்டு. அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் தொகையைக் கட்டாவிட்டால் வங்கி நீதிமன்றம் போகலாம், இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோது, "இது வழக்கமான மிரட்டல்தான் சார், கண்டுக்காதீங்க" என்றார்கள். தவணையைக் கட்ட வேண்டாம் என்று சொன்னவர்களே அதனால் வந்த அறிவிப்பையும் கண்டுகொள்ள வேண்டாம் என்றபோதுதான், இவர்களுக்கு என் கடனைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

மனைவியின் அண்ணன் சொல்லித்தான் மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் நிதிசார் கல்வி மையத்துக்குப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஆலோசகராக இருந்தார். கட்டணம் எதுவும் இல்லை. நான் பேசத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தி, "தம்பி, கதை அப்புறம். நோட்டீஸ் கைக்கு வந்த தேதி என்ன?" என்று கேட்டார். பிறகு பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, நிறுவனத்தில் சேர்வதற்கு முன்பு வந்த முதல் கார்டின் ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கணக்குப் போட்டார். 2,10,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 7,350 ரூபாய்; அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8,673 ரூபாய். நான் கட்டி வந்த குறைந்தபட்சத் தொகை 10,500 ரூபாய். ஆக, மாதம் 1,827 ரூபாய்தான் அசலில் கழிந்திருக்கிறது. அந்த எண்ணை இரண்டு முறை வட்டமிட்டு என் பக்கம் தள்ளி வைத்தார். ஒரு வருடத்துக்கும் மேலாகக் கார்டு நிலுவை ஏன் நகரவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

அவர் சொன்ன வழி எளிமையானது. வீட்டில் இருந்த நகையைப் பொதுத்துறை வங்கியில் அடகு வைத்து, ஆண்டுக்கு 42 சதவீத வட்டி ஓடும் இடத்திலிருந்து அதில் கால் பங்குகூட இல்லாத வட்டிக்கு வருவது. முதலில் அறிவிப்பில் குறிப்பிட்ட தவணையை 15 நாளுக்குள் கட்டிவிடுவது. பிறகு தனிநபர் கடனின் பாக்கித் தவணைகள் அனைத்தையும் கட்டுவது. முழு நிலுவையும் கட்டினால்தான் வாராக்கடன் கணக்கு மீண்டும் சீராகும், ஒன்றிரண்டு தவணை கட்டினால் ஆகாது என்பதை அவர்தான் விளக்கினார். வங்கிக்கு எழுத வேண்டிய கடிதத்தை என்னையே எழுத வைத்தார். வருமானம், வீட்டுச் செலவு, மாதம் என்னால் உறுதியாகக் கட்ட முடிந்த தொகை ஆகிய மூன்றும் எண்களாக இருந்த ஒரு பக்கக் கடிதம் அது. இரண்டு மாதம் அலைந்த பிறகு, முதல் கார்டின் நிலுவையை 18 சதவீத வட்டியில் 36 தவணையாக மாற்றித் தர வங்கி ஒப்புக்கொண்டது.

இந்த மையங்களின் குறையையும் சொல்ல வேண்டும். ஆலோசகர் நமக்காக வங்கியோடு பேரம் பேச மாட்டார். பெரும்பாலும் சுய உதவிக் குழுக்களுக்கும் விவசாயிகளுக்கும் விழிப்புணர்வு முகாம் நடத்துவதே அவர்களுடைய முதன்மையான வேலை என்பதால், நான் போன நான்கு முறையில் இரண்டு முறை அலுவலகம் பூட்டியிருந்தது. இருந்தாலும், என் பணத்தில் எந்தப் பங்கும் எதிர்பார்க்காத ஒருவர் என் கணக்கைப் பார்த்தது அதுவே முதல் முறை.

இரண்டாவது கார்டு வேறு வங்கியினுடையது. அவர்களுடைய வசூல் முகவர்கள் இரவு 9 மணிக்கு அழைத்தார்கள். எதிர் வீட்டாரிடமும் விசாரித்தார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இட்ட கட்டளை. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் பதில் வராததால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் பதிந்தேன். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். செலவு எதுவும் இல்லை. அழைப்புகள் நின்றன, எழுத்தில் வருத்தமும் தெரிவித்தார்கள். ஆனால் வட்டியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று நான் அதே புகாரில் கேட்டது ஏற்கப்படவில்லை. அது வங்கியின் வணிக முடிவு, குறைதீர்ப்பாளர் அதில் தலையிட முடியாது. அங்கே போகிறவர்கள் நடத்தை குறித்த புகாரை மட்டும் தேதி, நேரத்தோடு எழுதுவது நல்லது.

அந்தக் கார்டு 2024இல் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் அந்த அமர்வுக்குக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசத்துக்கு மேல்முறையீடும் இல்லை. 95,000 ரூபாயை மூன்று தவணையில் கட்ட ஒப்புக்கொண்டேன். வங்கி முதலில் கேட்டதை விட இது மிகக் குறைவு என்றாலும், இதற்கும் ஒரு விலை உண்டு: கடன் தகவல் நிறுவனமான சிபில் தரும் என் கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கணக்கு 'க்ளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) என்று இல்லாமல் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று நிற்கிறது. 2025இல் நான் கேட்ட வீட்டுக் கடன் அந்த ஒரு வரியால் மறுக்கப்பட்டது. கடனைப் பாதியாகக் குறைப்போம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வரியைப் பற்றி என்னிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இத்தகைய நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி உரிமம் எதுவும் கொடுப்பதில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சிபில் மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறோம் என்று வருகிறவர்களுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் நாமே முறையிடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. என் தனிநபர் கடன் சீரான பிறகும் அறிக்கையில் நிலுவை என்றே காட்டியது. முறையிட்ட மூன்றாவது வாரத்தில் திருத்தினார்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

நிறுவனத்திடம் கொடுத்த பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டாவது விசாரணைக்கு முன்பே மாதக் கட்டணமான 22,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதிவுக் கட்டணம் போனது போனதுதான்.

முதல் கார்டின் 36ஆவது தவணையை 2026 ஜனவரியில் கட்டி, நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கிவிட்டேன். சென்ற வாரம் என் அலுவலகத் தோழர் ஒருவருக்கு அதே பரிவான குரலில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் இன்னும் கட்டவில்லையாம். ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்; திங்கட்கிழமை காலை இருவருமாக அந்த மையத்துக்குப் போகிறோம்.